யன்னல் கல்லில் பட்ட மஞ்சள்

அந்தத் திங்கட்கிழமை அங்கே இருந்தது அப்பாவும் நானும்தான். அம்மா டோர்வல் விமான நிலையத்தில், விமானச் சாப்பாடு பொதி செய்யும் வேலையில். நாங்கள் துப்புரவாக்கப் போன வீட்டின் சொந்தக்காரர் பிரான்சில். கனடாவில், பழைய மொன்றியல் பகுதியில், பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் கட்டிய கல்வீடு அது. அப்பா தன் பெயரில் எடுத்த முதல் துப்புரவு ஒப்பந்தம்.

பிரெஞ்சு ஒப்பந்தத்தை வாசித்துச் சொன்னவன் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்தது நான் மட்டும்தான். ஒன்றரை முழம் தடித்த சுவர், கணப்புக் கல், உத்தரங்கள், யன்னலின் பழைய கீல்கள் எல்லாவற்றுக்கும் சட்டப் பாதுகாப்பு. ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. பிள்ளையாரைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

வேலை தொடங்குமுன் அப்பா மஞ்சளைக் குழைத்துப் பிள்ளையார் பிடித்தார். வெற்றிலையை வீட்டில் மறந்துவிட்டதால் வெறும் யன்னல் கல்லிலேயே இருத்தினார். பின்னேரம் எடுத்தபோது கல்லில் மஞ்சள் வட்டம்.

“தேசிக்காய் போட்டுத் தேய்ப்பம், தம்பி.”

“ஐயோ அப்பா, புளி பட்டா இந்தக் கல்லு அரிச்சுப்போம். கையை எடுங்கோ!”

அம்மாவுக்கு ஃபோன் எடுத்தோம்.

“வெத்திலை இல்லாமலோ குந்த வைச்சனீங்கள்? நல்ல ஆக்கள்! ஒண்டும் பூசாதேங்கோ. மஞ்சள் பட்ட சட்டையை நான் வெயில்லதானே போடுறனான்? தானாப் போகும்.”

மறைக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்குப் பொறுப்பான கட்டடக்கலைஞர் அம்மையாரை அழைத்தேன். அவர் உருப்பெருக்கியால் பார்த்துவிட்டு, “கறியா?” என்றார்.

“இல்லை, கடவுள் இருந்த இடம்” என்றேன், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில். அவர் சிரிக்கவில்லை. அம்மாவின் வெயில் யோசனையையும் சொன்னேன். அது சரி, ஆனால் கறை வெள்ளிக்கிழமைக்குள் போகாவிட்டால் ஒப்பந்தம் இல்லை என்றார்.

ஆளில்லாமல் யன்னல் மறைப்பைத் திறந்து வைக்க முடியாது. ஆகவே தினமும் போய்க் காவல் இருந்தோம். செவ்வாய் முழுக்க முகில்.

“இந்த நாட்டில சூரியனும் பார்ட் டைம்தான்” என்று அப்பா எரிந்து விழுந்தார்.

புதனும் வியாழனும் நல்ல வெயில். வெள்ளி மத்தியானம் அம்மையார் குனிந்து நெடுநேரம் பார்த்தார், விரலால் தடவினார், கறை போய்விட்டதென்று தாளில் கையெழுத்து வைத்தார். அப்பா படியில் பொத்தென்று இருந்து முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். நானும் பக்கத்தில் இருந்துவிட்டேன்.

எங்கள் கையை விட்டுப் போனது, அந்த நாலு நாளும் எங்கள் வான் வண்டியை வீதியில் நிறுத்தக் கட்டிய தொண்ணூற்றாறு டொலர்.