உன்ட விருப்பம்

மனைவி செத்த வீட்டில் நான் அழவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அதைக் கவனித்தார்கள். உள்ளே பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கிறார்கள், நான் வாசலில் கதிரைகளை அடுக்கிக்கொண்டு நிற்கிறேன். மழை தூறியது. வாடகைக் கதிரை, நனையக்கூடாது. என் மண்டையில் அப்போது ஓடியது அது ஒன்றுதான். மனைவியின் அண்ணன், என் மச்சான், என்னை மாமரத்தடிக்குக் கூட்டிப்போய், ஒரு சொட்டுக் கண்ணீராவது விடும்படி கெஞ்சினார். ஊர் வாய் சும்மா கிடக்காது என்றார். வந்தால் விடமாட்டேனா? வரவில்லை.

சடங்கெல்லாம் முடிந்ததும் படிப்பிக்கப் போய்விட்டேன். உயர்தர வகுப்புக்கு அளவையியல், அதாவது தர்க்கம், படிப்பிக்கிறவன் நான். பள்ளிக்கூடத்தில் ஓய்வுபெற்ற பிறகும் தேற்றாத்தீவில் ஒரு தகரக் கொட்டகையில் பின்னேர வகுப்பு நடத்துகிறேன். அளவையியல் எடுக்கும் பிள்ளைகள் ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து தப்பவே முடியாது. எதற்கு எது காரணம் என்று கண்டுபிடிக்க அவர் வகுத்த முறைகள் பரீட்சைக்கு வந்தே தீரும். கலியாண வீட்டுச் சாப்பாட்டில் வயிற்றால் போனவர்கள் எல்லாரும் எதைத் தின்றார்கள், போகாதவர்கள் எதைத் தின்னாமல் விட்டார்கள் என்றுதான் பாடத்தைத் தொடங்குவேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு கணவாய்க் கறியில் பழியைப் போடுவார்கள்.

அந்த மனிதரின் மற்றப் புத்தகங்கள் பரீட்சைக்கு வராதவை. அவற்றை எனக்காக வாசித்தேன். அதிகம் பேருக்கு அதிக இன்பம் தருவது எதுவோ அதுவே சரி என்ற கட்சிக்காரர் அவர். ஆனால் ஊர் முழுக்க ஒரு பக்கமும் ஒரேயொரு ஆள் மறுபக்கமும் நின்றாலும், அந்த ஒற்றை ஆளின் வாயை அடைக்க ஊருக்கு உரிமை இல்லை என்றும் சொன்னவர். பிறருக்குக் கேடு வராதவரை ஒருவரின் வாழ்க்கையில் மற்றவர்கள் புகுந்து தடுக்கக்கூடாது, பெண்களுக்கும் அதே நியாயம்தான் என்று அந்தக் காலத்திலேயே எழுதினார். எங்களைப் போன்ற நாட்டாருக்கு இந்தச் சுதந்திரம் இன்னும் ஆகாது என்றும் எழுதிவைத்தார். இந்தியாவை ஆண்ட கம்பனியில் சம்பளம் எடுத்தவர் வேறு எப்படி எழுதுவார்? அந்த இடம் வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருந்தும் ஆளை விட முடியவில்லை.

இளவயதில் அவருக்கு ஒரு கஷ்டம் வந்தது. உலகத்தில் நீ கேட்ட திருத்தமெல்லாம் இந்த நிமிடமே நடந்துவிட்டால் நீ சந்தோஷமாக இருப்பாயா என்று தன்னையே கேட்டாராம். இல்லை என்று உள்ளுக்குள்ளிருந்து பதில் வந்ததாம். அதோடு எல்லாம் மரத்துப்போயிற்று. உலகத்தின் இன்பத்துக்கே கணக்குப் போட்டவருக்குத் தன்னுடையது எங்கே போனதென்று தெரியவில்லை. பிறகு ஒருநாள், யாரோ ஒருவர் தன் தகப்பன் செத்ததைப் பற்றி எழுதியதை வாசித்துக் கண்ணீர் விட்டாராம். அதிலிருந்துதான் மெல்லத் தேறினாராம். முன்பெல்லாம் இதை வகுப்பில் பகிடியாகச் சொல்வேன். மனைவி போன பிறகு சொல்வதில்லை.

வீட்டில் நானும் மகளும்தான். ஒரே பிள்ளை. பட்டம் எடுத்து, அரசாங்க வேலைக்குக் காத்துக் காத்துக் களைத்து, டவுனில் ஒரு தொலைபேசிக் கடையில் நின்றாள். அங்கிருந்துகொண்டே ஜப்பான் மொழி படித்தாள். ஜப்பானில் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலைக்குத்தான் அது. ஒரு மத்தியானம் ஆற்றங்கரையில் இறால் வாங்கிச் சமைத்து, எனக்குப் போட்டுவிட்டுச் சொன்னாள், விசா வந்துவிட்டதாம். வாவியை எங்கள் பக்கத்தில் ஆறு என்றுதான் சொல்வோம், வீட்டுப் பின்வளவு அதில்தான் போய் முடிகிறது. நான் இறாலின் தோலை உரித்துக்கொண்டே, “உன்ட விருப்பம், புள்ள” என்றேன். சொல்லிவிட்டு எனக்கு என்னில் ஒரு மதிப்புக்கூட வந்தது. இந்த ஊரில் எந்தத் தகப்பன் இப்படிச் சொல்வான்? அவள் எழும்பி அடுப்படிக்குப் போனாள். கறியில் உப்பே இல்லையென்று, அதில் கொஞ்சம் வாங்கிப்போன பக்கத்து வீட்டுக்காரி பிறகு சொல்லித்தான் தெரியும். நான் தின்று முடித்திருந்தேன்.

செய்தி மச்சானுக்குப் போய்விட்டது. தாய்வழியில் குடி, அதாவது வம்சம், பார்க்கிற எங்கள் பக்கத்தில் தாய்மாமன் என்றால் லேசுப்பட்ட ஆள் இல்லை. தகப்பனுக்கு முதல் அவர் வாய்தான் திறக்கும். ஆற்றுக்கு அக்கரை, படுவான்கரையில் வயல்வட்டையில் அறுவடை நடந்துகொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு, காலில் சேற்றோடு வந்து நின்றார். முன்வளவைக் காட்டினார். மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க நானும் மனைவியும் கட்டத் தொடங்கிய வீடு அது. மனைவிக்கு வருத்தம் வந்து படுத்ததோடு சுவர்களுடன் நின்றுபோயிற்று. கூரை இல்லை. பக்கத்து வீட்டு ஆடுகள் வெயிலுக்கு அதற்குள்தான் படுக்கும். அந்த வீட்டை யாருக்குக் கொடுக்கப் போகிறேன், ஆட்டுக்கா என்று கேட்டார். கல்குடாப் பக்கம் ஒரு பொடியன் இருக்கிறான், நல்ல இடம், கேட்டு வருகிறார்கள், பெற்ற தகப்பன் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு இருந்தால் எப்படி என்று ஏசினார்.

நான் வெள்ளைக்காரரைத் துணைக்கு இழுத்தேன். அவள் வளர்ந்த பிள்ளை, அவளுடைய வாழ்க்கைக்கு அவளே ராணி, தடுக்க எனக்கு உரிமை இல்லை, இன்ன மனிதர் இன்ன காரணத்தோடு இதை எழுதியிருக்கிறார் என்று விளக்கினேன். மச்சான் பொறுமையாகக் கேட்டார்.

“அவர் ஆரு, மச்சான்? நம்மட குடியா?”

எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. மச்சான் தேத்தண்ணீரைக்கூடத் தொடாமல் எழும்பிப் போனார். அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மகள் எனக்கு நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பானைகளைப் போட்டு உருட்டினாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒப்பந்தம் முடிந்தாலும் அங்கேயே இருந்துவிடலாமாம், இருக்கட்டா? உன்ட விருப்பம். வேலையை நாளைக்கே விடட்டா, மாதம் முடியட்டுமா? உன்ட விருப்பம். எனக்கு எதிலும் ஒன்றும் தோன்றவில்லை, அதுதான் உண்மை. வகுப்புக்குப் போனேன், வந்தேன், வைத்ததைத் தின்றேன்.

போகிறதற்கு முதல் நாள் காலை, அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு பெட்டி அடுக்கினாள். தாயின் சாறிகளைக் கை நிறையத் தூக்கினாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் இவற்றையெல்லாம் கொடுத்துவிடட்டா என்று கேட்டாள். நான் வாசற்படியில் நின்று, “உன்ட விருப்பம்” என்றேன்.

சாறிகளை அப்படியே நிலத்தில் போட்டாள்.

“எல்லாம் என்ட விருப்பமா? உங்களுக்கு எண்டு ஒண்டும் இல்லையா, அப்பா?”

“நான் உன்னத் தடுக்கல்லயே, புள்ள. ஒருத்தர்ட வாழ்க்கையில மத்தவங்க...”

“தெரியும். நீங்கதானே படிப்பிச்ச. தடுக்கக்கூடாது எண்டுதான் அந்த மனிசன் சொன்னவர். வாயப் பொத்திக்கிட்டு இருக்கச் சொல்லல்ல. புத்தி சொல்லலாம், கெஞ்சலாம், வாதாடலாம் எண்டும் சொன்னவர். பரீட்சைக்கு வராட்டியும் கேளுங்க எண்டு கொட்டகையில கத்தினீங்களே, மறந்து போச்சா?”

அவளும் என்னிடம்தான் அளவையியல் படித்தவள். நான் சொல்லியிருக்கிறேன்தான். மற்றவனை அவன் பாட்டுக்கு விடு என்பது அவன் எக்கேடு கெட்டாலும் எனக்கென்ன என்பதில்லை என்று அந்த மனிதரே எச்சரித்திருக்கிறார்.

“மாமா வந்து ஏசினார். எனக்குக் கோவம்தான். ஆனா நான் போறது அவருக்கு உறைக்கிது. உங்களுக்கு உறைக்கல்ல. அம்மா போனதும் உறைக்கல்ல.”

 நான் எதையாவது சொல்லவேண்டும். ஆபத்து என்று சொல்லலாமா? ஊரைவிட அங்கே பயமில்லை. கலியாணம்? அவளுக்கு வேண்டாம். வேலை? இங்கே எங்கே இருக்கிறது? எடுத்த காரணமெல்லாம் கையிலேயே உடைந்தது. ஒரு பிள்ளை இதை விடைத்தாளில் எழுதியிருந்தால் முட்டைதான் போட்டிருப்பேன்.

“போகாத, புள்ள” என்றேன்.

“ஏன்?”

“காரணம் ஒண்டும் வருகுதில்ல. நீ போனா எனக்கு ஏலாது.”

அவள் சாறிக் குவியலிலேயே குந்தி அழுதாள். எனக்குக் கண் காய்ந்துதான் இருந்தது. பக்கத்தில் போய் இருந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் கீழே அவளுடைய தாயின் சாறிகள் கசங்கின. மூக்கைத் துடைத்துக்கொண்டு, “நான் போவன், அப்பா” என்றாள். ஓம் என்றேன்.

“நீங்க இதச் சொல்லாம விட்டிருந்தா நான் திரும்பி வந்திருக்க மாட்டன், அப்பா.”

பிறகு எழும்பிச் சாறிகளை ஒவ்வொன்றாக மடித்துத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தாள். ஒன்றை மட்டும் தன் பெட்டிக்குள் வைத்தாள். அது எந்தச் சாறி என்று எனக்கு நினைவிருந்தது. ஏறாவூரில் நான் வாங்கிக் கொடுத்தது.

மறுநாள் பின்னேரம் கொழும்பு பஸ்ஸுக்குப் பிரதான வீதியில் நின்றோம். மச்சானும் வந்திருந்தார். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஆனால் கையில் வறுத்த அரிசிமாவும் கருவாடும் கட்டிய பை. பஸ் வந்து நின்றது. மகள் படியில் ஏறித் திரும்பினாள். அங்கே நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, பரீட்சை முடிவு வந்த பிள்ளையைப் போல, மாமனைப் பார்த்துச் சொன்னாள்.

“மாமா, அப்பாவும் போகவேணாம் எண்டுதான் சொன்னவர்!”

பஸ் போயிற்று. மச்சானுக்கு விளங்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“வேணாம் எண்டு சொன்னா, மறுகா என்னத்துக்கு விட்டீங்க?”

“அவள்ட...” என்றேன்.

மிச்சம் வரவில்லை. இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன். அந்த இடத்திலேயே நின்றது. முகம் நனைந்ததைக் கை வைத்துப் பார்த்த பிறகுதான் அறிந்தேன்.  மச்சான் என் கையைப் பிடித்து வீதியைக் கடந்து கூட்டிப்போய், கடை வாங்கிலில் இருத்தி, இரண்டு தேத்தண்ணீர் சொன்னார்.