புத்தகங்களுக்கு ஓய்வு நாள்

சென்ற ஆண்டு சரஸ்வதி பூஜையன்று நடந்தது இது. மலேசியாவில் புலாவ் செபாங் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சின்னத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான் ஆசிரியை. நூலகப் பொறுப்பும் என் தலையில்தான். நூலகம் என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, பழைய வகுப்பறையில் நாலு அலமாரி, அவ்வளவுதான். அதிலிருந்த கதைப் புத்தகங்கள் பலவற்றுக்குக் கடைசிப் பக்கமே கிடையாது. முடிவை எங்கள் பிள்ளைகள் அவரவர் வசதிக்கு இட்டுக்கட்டிக்கொள்வார்கள்.

அந்த நிலையில்தான் பட்டணத்துப் பொது நூலகம் கைகொடுத்தது. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் புதுப் புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக வேனில் கொண்டுவந்து பள்ளிக்கு இரவல் தந்தார்கள். கொண்டுவந்தவர் ஒரு மலாய்க்கார அம்மா. மலாய் வழக்கப்படி மரியாதையாகப் புவான் என்று கூப்பிடுவோம். கறாரான பேர்வழி. கிழியக்கூடாது, கிறுக்கக்கூடாது, கறை படக்கூடாது. இவை எப்படித் திரும்பி வருகின்றன என்று பார்த்த பிறகுதான் அடுத்த பெட்டிகள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நானும் பிள்ளைகளை மிரட்டியே வைத்திருந்தேன். கை கழுவிவிட்டுத்தான் புத்தகத்தைத் தொட்டார்கள், பாவம்.

வேன் அடுத்த வாரம் வருவதாகத்தான் பேச்சு. ஆனால் பூஜையன்று காலையில் புவானிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. பக்கத்துப் பள்ளிக்கு வந்திருக்கிறாராம், அப்படியே எங்கள் பெட்டிகளையும் எடுத்துக்கொள்கிறாராம். சரி என்று பதில் போட்டுவிட்டு நூலக அறைக்குள் நுழைந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சரஸ்வதி படத்தின் முன் இரவல் புத்தகங்கள் அத்தனையும் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு அட்டையிலும் சந்தனம், குங்குமம். ராக்கெட்டின் மூக்கில் ஒரு பொட்டு. டைனோசரின் நெற்றியில் வட்டமாக, அம்சமாக, இன்னொன்று.

"யாரு பார்த்த வேலை இது?" என்று கத்தினேன்.

நான்காம் ஆண்டுப் பெண் ஒருத்தி கொஞ்சமும் பயப்படாமல் முன்னால் வந்தாள். "நாங்கதான் டீச்சர். நம்ம புக்குலாம் கிழிஞ்சி கெடக்கு. அதப் போயி எப்படி சாமிகிட்ட வைக்கிறது? நல்ல புக்கத்தானே வைக்கணும்?"

எதைச் சொல்லித் திட்டுவது? ஈரத்துணியை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனேன். "ஐயோ டீச்சர், இன்னிக்குத் தொடக்கூடாதுலா! நாளைக்குத்தான் எடுக்கணும்!" என்று பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலாக அலறினார்கள். அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் ஹாரன் கேட்டது.

புவான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அடுக்கைப் பார்த்தார். இது என்ன என்று மலாயில் கேட்டார். நான் ஈரத்துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். இனி ஒரு பெட்டிகூட இந்தப் பக்கம் வராது என்று முடிவே கட்டிவிட்டேன்.

அதே பெண்தான் பதில் சொன்னாள். "புவான், ஹரி இனி புக்கு ரேஹாட்." இன்றைக்குப் புத்தகங்களுக்கு ஓய்வாம். "ஏசோக் போலே அம்பில்." நாளைக்கு எடுத்துக்கொள்ளலாமாம். பட்டணத்து அதிகாரிக்கே உத்தரவு!

"அலாமா!" என்று வியந்தார் புவான். குனிந்து டைனோசரை உற்றுப் பார்த்தார், சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு, உங்கள் பள்ளிப் புத்தகங்களை ஏன் வைக்கவில்லை என்று என்னிடம் கேட்டார். அந்தப் பெண் சொன்னதை அப்படியே மலாயில் சொன்னேன். சிரிப்பு நின்றது. எங்கள் நாலு அலமாரியையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"ரேஹாட்லா, ரேஹாட்லா" என்று புத்தகங்களைப் பார்த்துச் சொன்னார். நான் கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டு வெறும் வேனோடு கிளம்பிவிட்டார். நிம்மதியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் சொன்னபடி வந்தார். விஜயதசமி என்பதால் பிள்ளைகள் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மொழியும் கலந்து ஒரே சந்தைக்கடை இரைச்சல். கடைசிப் பிள்ளை படித்து முடிக்கும்வரை புவான் நின்று கேட்டார். பிளாஸ்டிக் உறை போட்ட புத்தகங்களில் சந்தனம் துடைத்ததும் போய்விட்டது. உறையில்லாத டைனோசருக்கு மட்டும் மஞ்சள் கறை நின்றுவிட்டது. வேறு வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம், அடுத்த பள்ளிப் பிள்ளைகள் கேட்டால் கறை வந்த கதையை நானே சொல்கிறேன் என்றார். அடுத்த முறை வந்தபோது ஒரு பெட்டி கூடுதலாகவே வந்தது.

இந்த வருடம் நவராத்திரிக்கு முன்பே அவரிடமிருந்து போன். "டீச்சர், புக்கு ரேஹாட் எப்போது? வேன் வரும் நாளை அதைப் பார்த்துத்தான் போட வேண்டும்" என்று மலாயில் கேட்டார். தேதியைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தபோது, எங்கள் நாலு அலமாரி நூலகம் பட்டணம்வரை நீண்டுவிட்டது போலிருந்தது. அந்தச் சந்தோஷம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.