சர்ச் படிக்கட்டில் சேர வேண்டும்

சுனாமிக்கு அடுத்த வருஷம், அப்பாவின் செராமிக் பட்டறையில் புதுச் சூளை வைக்க ஒரு ஜப்பான்காரர் வந்து எங்கள் மாடியில் தங்கினார். விருத்தாசலத்திலேயே எனக்குத்தான் இங்கிலீஷ் வரும் என்ற நினைப்பில் நான் மொழிபெயர்ப்பாளர்.

மனுஷன் வந்த அன்றே பீரோவைக் கம்பியால் சுவரோடு கட்டினார். பட்டறையில் மேல்தட்டிலிருந்த கனமான பொம்மை அச்சுகளைத் தரைக்கு இறக்கினார். தூங்கும்போது தலைமாட்டில் செருப்பும் டார்ச்சும். "இந்த ஊருல பூமி எங்கடா ஆடப் போவுது? கேட்டுச் சொல்லு" என்றார் அப்பா. நான் எங்கே கேட்பது, சிரிப்பை அடக்கவே சரியாக இருந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது அவரே கேட்டார். மணிமுத்தாறு பொங்கி ஆளுக்கொரு பக்கம் மாட்டிக்கொண்டால் எங்கே சேருவீர்கள்?

"வூட்டுக்குத்தான் வருவோம். வேற எங்க போவோம்?" என்றாள் அம்மா.

வீட்டுக்கே வர முடியாவிட்டால்? அவர் ஊரில் பின்னால் மலை, முன்னால் கடல், நடுவில் துண்டு நிலம். நிலம் குலுங்கும், கடல் ஏறும். அதனால் சேரும் இடத்தை வீட்டில் முன்பே பேசி வைப்பார்களாம். யாரும் யாரையும் தேடக் கூடாது. நேராக அங்கே போய் நிற்க வேண்டும்.

"நம்ம சர்ச் படிக்கட்டு. மேடா இருக்குது" என்றாள் தங்கச்சி.

"பூசைக்கே லேட்டா வர்றவ, நீ சொல்றியா?" என்று கலாய்த்தேன்.

அவர் ஊருக்குப் போன பிறகு மழை பிடித்தது. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். செல்லில் டவர் இல்லை. ஸ்கூலைப் பாதியில் விட்டும் தங்கச்சி வரவில்லை. அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார், நான் ஸ்கூலுக்கு, அம்மா தெருத்தெருவாக.

"புள்ளைங்கல்லாம் எப்பவோ போயிட்டாங்க தம்பி" என்றார் வாட்ச்மேன். அப்புறம்தான் மரமண்டையில் சர்ச் உறைத்தது.

மேல்படியில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள். தெருமுனைத் தண்ணீரைப் பார்த்ததுமே இங்கே திரும்பிவிட்டாளாம்.

"எவ்ளோ நேரம் ஒக்காந்திருக்கறது? அப்பா அம்மா எங்க?"

"ஒன்னத்தான் தேடுறாங்க. இரு, கூட்டியாரேன்."

சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "தேடக் கூடாதுன்னு அவரு சொன்னாருல்ல? அவங்களுக்கும் ஞாபகம் வரும்."

வந்தது. முதலில் அம்மா, இருட்டும் நேரத்தில் அப்பா. அவர் அவள் தலையைத் துடைத்துவிட்டார். பிறகு என்னிடம் சொன்னார்:

"டவர் வந்ததும் அந்த மனுஷனுக்கு போனைப் போடு. இங்கிலீஷ்ல தேங்க்ஸுக்கு மேல எதுனா இருந்தா, அதைச் சொல்லு."