நல்ல சமாரியனும் ஒரு பொதிமாடும்

தேயிலைத் தோட்டம் தோட்டமாக நடந்து வேதம் சொல்லும் உபதேசிக்கு முதலில் தேய்வது செருப்பு, அடுத்தது மானம். இலங்கை மலைநாட்டில், பதுளைக்கு ரயில் வராத அந்த நாளில் இரண்டையும் நிறையத் தேய்த்தவன் நான். ஊருக்கு உபதேசம் செய்து பிழைக்கும் அன்பர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

பெரட்டில்

காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் ஐந்து நிமிஷம் பேசத் துரை அனுமதித்திருந்தார். நல்ல சமாரியன் கதையைச் சொன்னேன். அடிபட்டு வழியில் கிடந்தவனைக் கண்டு ஆசாரியன் விலகிப் போனான், லேவியனும் போனான். அந்நிய சாதிச் சமாரியன்தான் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து, தன் கழுதையில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்தான். கேட்டுக்கொண்டிருந்த கங்காணிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"விழுந்து கெடந்தவன் எந்தத் தோட்டத்து ஆளுங்க? பழைய தோட்டத்துத் துரை குடுத்த துண்டுச்சீட்டு இல்லாத ஆளைக் கொண்டாந்து வச்சா நம்மளையில்ல புடிப்பாங்க!"

லயத்தில்

கூலிகள் குடியிருக்கும் லயத்தில், கொழுந்து பறிக்கும் முனியம்மாவுக்கு வேறு சந்தேகம். திராட்சரசம் என்றால் என்னவென்று கேட்டாள். நம் சாராயத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லிவைத்தேன்.

"பச்சப் புண்ணுல சாராயத்த ஊத்துனா அவனே எந்திரிச்சு ஓடியிருப்பான். கழுதை எதுக்குங்க?"

வளைவில்

மறுவாரம் இதே கதையைச் சொல்ல அடுத்த தோட்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தேன். பெரட்டு கலைந்தால் பிரசங்கம் போச்சு. பாதை வளைவில், முன்பின் தெரியாத ஒருவர் வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதுளையிலிருந்து துணி கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி. பக்கத்தில் அவருடைய பொதிமாடு.

"பொதிய இறக்கி, என்னைய மாட்டுல ஏத்தி விடுங்க ஐயா" என்றார்.

"விழுந்தவர்களுக்கு உதவவேண்டும் என்று ஒரு கதை. அதைச் சொல்லத்தான் போகிறேன். முடித்ததும் வந்துவிடுகிறேன்" என்றேன். வெட்கக்கேடு, மனதாரத்தான் சொன்னேன்.

"போயிட்டு வாங்க. நான் எங்க போகப் போறேன்?"

திரும்பி வந்தால் ஆளைக் காணோம். தேடிக்கொண்டு போனால், முனியம்மாவின் ஒற்றை அறைக் காம்பராவில் கால் நீட்டித் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார் அந்த வியாபாரி; அதற்குள் எல்லாருக்கும் அவர் காசிம் நானா. கங்காணிக்குத் தெரியாமல் நாலு பெண்கள் தூக்கி வந்திருக்கிறார்கள். முனியம்மாதான் விவரம் சொன்னாள்.

"நீங்க சொன்னபடியே எண்ணெய் போட்டாச்சுங்க. சாராயத்த மட்டும் எங்க வீட்டுக்காரரு குடிச்சிட்டாரு."

கானில்

அடுத்த மழையில் அதே வளைவில் வழுக்கிக் கானுக்குள் விழுந்தேன். இடுப்பளவு வாய்க்கால், கால் பிசகிவிட்டது, அட்டைகளுக்கு விருந்து. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியது. இங்கேயே முடிந்தோம் என்று அழுதேவிட்டேன். அப்போது மாட்டுமணி கேட்டது. காசிம் நானா பொதியை இறக்கினார், என்னை இழுத்தெடுத்தார், மாட்டில் ஏற்றினார். துணிமூட்டையைத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

"என்னை அடையாளம் தெரிகிறதா நானா?" என்று முனகினேன்.

"தெரியாமலா? அன்னைக்கு என்னமோ கதை சொல்லத்தானே போனீங்க? அத இப்ப எனக்குச் சொல்லிக்கிட்டு வாங்க."

மாட்டின் மேலிருந்து முழுக்கதையையும் சொன்னேன். ஆசாரியன் விலகிப் போகிற இடத்தை மட்டும் கொஞ்சம் வேகமாகச் சொல்லி முடித்தேன்.