பருத்தித்துறையில் மழை

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மார்கழியில் கொழும்பு வெள்ளவத்தை முழுவதும் வெயில் கொளுத்தியபோது ஒரே ஒருவர் குடையோடு திரிந்தார். அவர் என் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்த நாகேந்திரம். இப்படியொரு மனிதருக்கு அறை கொடுத்த குற்றத்துக்காக நானும் பொலிஸ் நிலையம் வரை போய்வந்தேன்.

அவருடைய மனைவி பாலேஸ்வரி வடக்கே பருத்தித்துறையில் இருந்தார். போரால் பாதை பூட்டு, தொலைபேசி இல்லை. கொழும்புக்கு வர அவருக்கு அனுமதி கிடைத்துவிட்டது. இனிக் கப்பல் வர வேண்டும். கடல் குழம்பினால் கப்பல் வராது என்றார்கள். ஆகவே நாகேந்திரம் ஞாயிறுதோறும் என் ரேடியோவின் முன்னால் உட்கார்ந்து அந்தக் கிழமைக்கான வானிலையைக் கேட்பார்.

"அங்கை மழையாம், கொன்ஸ்ரன்ஸ் அக்கா. கடலும் கொந்தளிப்பாம்."

"சரி, இங்கை வெயில்தானே. குடையை வைச்சிட்டுப் போங்கோ."

"அவ அங்கை நனைய நான் இங்கை சும்மா போறதோ?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த நாளில் ஒரு தமிழன் வெள்ளவத்தையில் நின்று வாய்விட்டுத் திட்டக்கூடியதாக இருந்தது வானிலை ஒன்றுதான். அவர் அதை மனதாரத் திட்டினார்.

காலி வீதிச் சோதனைச் சாவடியில் ஒருநாள் சிப்பாய் மறித்து, மழையில்லாத நாளில் குடை எதற்கு என்று சிங்களத்தில் கேட்டான். சந்தைக்குப் போகிறேன், தலை சுடுகிறது என்று ஆயிரம் பொய் இருக்க, மனிதர் உண்மையைச் சொன்னார்.

"பருத்தித்துறையில் மழை. மனிசி அங்கே."

தொலைபேசியே இல்லாத ஊரில் மழை என்று இவருக்கு யார் சொன்னது? அடுத்த கேள்வி அதுதானே. ஏதோ இரகசியத் தொடர்பு என்று சந்தேகித்துப் பொலிஸ் நிலையத்தில் கொண்டுபோய் இருத்திவிட்டார்கள்.

செய்தி கேட்டதும் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சார்ஜன்ட், நான், நாகேந்திரம் மூவரும் மாலைச் செய்தி முடியும்வரை காத்திருந்தோம். கடைசியில் வானிலை வந்தது. வடக்கில் மழை பெய்யக்கூடும். தமிழில் வந்ததை நான் சிங்களத்தில் சொன்னேன். சார்ஜன்ட் ரேடியோவை நிறுத்திவிட்டு, இனிமேல் கொழும்பு வானிலையை மட்டும் பின்பற்றும்படி எச்சரித்து விட்டுவிட்டார். மறுநாள் நாகேந்திரம் குடையை மரக்கறிப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு வெளிக்கிட்டார்.

பங்குனியில் பாலேஸ்வரி வந்து சேர்ந்தார். கறுத்து, மெலிந்து, ஒரு பையோடு. தேத்தண்ணி கொடுத்தேன். நாகேந்திரம் எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"மழைக்குள்ளை நல்லாக் கஷ்டப்பட்டிட்டீர், என்ன?"

"மழையோ? எங்கை மழை? கிணறெல்லாம் வத்திப்போச்சு."

"கடல் கொந்தளிப்பெண்டு..."

"கடல் குளம் மாதிரிக் கிடந்தது. கப்பலைத்தான் விடேல்லை. ஏனெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

நாகேந்திரம் எழுந்துபோய் மூலையில் நின்ற குடையை எடுத்து அலுமாரிக்கு மேலே போட்டார். இவ்வளவு நாளும் அந்த மனிதர் திட்டியது மழையை. மழை பாவம்.

அடுத்த கிழமை கொழும்பில் உண்மையாகவே மழை ஊற்றியது. பேக்கரிக்குப் பாண் வாங்கப் போன நாகேந்திரம் தலை முதல் கால் வரை தெப்பமாக நனைந்து வந்தார். ஊறிப்போன பாணை என் மேசையில் வைத்துவிட்டு, சாவடியில் நடந்ததைச் சொன்னார். அதே சிப்பாய்தான் இன்றும் மறித்தானாம்.

"அங்கிள், குடே கோ?" குடை எங்கே என்று கேட்டிருக்கிறான்.

"நோனா ஆவா," என்றிருக்கிறார் இவர். மனிசி வந்துவிட்டாள்.

சிப்பாய் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லையாம்.