ஐரிஸ் பாத்தியில் பட்டைச் சக்கை

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் பத்தொன்பது வருஷம் சுண்ணாம்புக் குழியில் கைவிட்டவன் முனிரத்தினம். விரல் இடுக்கெல்லாம் வெந்துபோனதும், 1978 கார்த்திகையில், ஏலகிரியில் ஒரு சபை விடுதிக்குத் தோட்ட வேலைக்கு வந்தான். விடுதி மேற்பார்வை ஞானசுந்தரி அம்மாள். வாசல் பாத்தியில் கத்தி கத்தியாய் இலை விட்டு நிற்கும் ஐரிஸ் என்ற கிழங்குப் பூச்செடி, பூச்சி அரித்து மூன்று வருஷமாகப் பூக்கவில்லையாம். ஈஸ்டருக்குள் மொட்டு வந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடி குழிதான்.

முனிரத்தினம் அசரவில்லை. பச்சைத் தோலைப் பூச்சி தின்னும்; ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய தோலை மோந்துகூடப் பார்க்காது. ஆம்பூரில் பால்குடிப் பிள்ளைக்கும் இது தெரியும். ஊறி முடிந்த பட்டைச் சக்கையை ஆறு மூட்டை பஸ் கூரையில் ஏற்றி வந்து பாத்தி முழுக்கக் கொட்டினான். அந்த நாற்றம் தாங்காமல் பஸ் இரண்டு வளைவுகளைத் தாண்டிக் குதித்து மலையேறியதாகக் கண்டக்டர் சத்தியம் செய்தார்.

ஒரே மாதம். ஏலகிரிப் பூச்சி மொத்தமும் ரேஷன் கார்டோடு அங்கே குடியேறிவிட்டது. சக்கையைக் கிளறினால், அந்த ஈரத்துக்குள் வெள்ளைப் புழு கிழங்கைக் குடைந்துகொண்டிருந்தது. விசிறிபோல் மடிந்த இலை இடுக்கில் பொடிப்பொடியாய் இலைப்பேன்.

மனைவி மீனாம்பாள்தான் பாத்தியோரம் உட்கார்ந்து சொன்னாள்: "தோலு செத்தது, இன்னா போட்டு மூடினாலும் கம்முனு கெடக்கும். இது உசுரோட இருக்குதே, மூச்சு முட்டாது?"

அப்புறம்தான் அவன் பார்த்தான். கருங்கல் சுவரோரம் சக்கை எட்டாத மூன்று செடிகள் மட்டும் நெட்டுக்குத்தலாக நின்றன. கிழங்கு பாதி வெளியே தெரிய, வெயிலில் காய்ந்து கெட்டித்திருந்தது. குடைய வந்த புழு பல் வலித்துத் திரும்பியிருக்கும்.

சக்கையை வாரினான். சொத்தைக் கிழங்கை அறுத்தெறிந்து, மற்றதை மேட்டில் பாதி வெளியே தெரிய நட்டான். தினமும் காலையில் இலை இடுக்குகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவினான். பிணத்தைப் பாதி புதைத்த மாதிரி இருக்கிறதே என்று திட்டிய ஞானசுந்தரியிடம், தப்பு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டான்.

ஈஸ்டர் வந்தது. மொட்டு வரவில்லை. திங்கட்கிழமை துணி மூட்டையோடு விடைபெறப் போனான். ஞானசுந்தரி ஒரு வெள்ளைத் தட்டை ஏந்திப் பாத்திக்குப் போய், செடி செடியாக உலுக்கிப் பார்த்தார். தட்டில் ஒரு பூச்சிகூட விழுந்து ஓடவில்லை.

"பூச்சியை விரட்டிட்டு நீ எங்கே போறே? பின்பக்கம் இன்னும் நாப்பது செடி கெடக்குது. மூட்டையைப் பிரி."

"பின்பக்கத்து மரக்கிளையை வெட்டணும்மா. அங்க நிழலு ஜாஸ்தி."

அதற்கு மட்டும் அவர் ஒப்பவில்லை. ஒரு வாரம் வாதாடித்தான் வெட்டினான். மறு வருஷம் பதினோரு ஊதாப்பூ. ஊரில் நூறு என்கிறார்கள்; அதையே வைத்துக்கொள்வோம்.