தேர்வு வாசலில் ஒரு ஜோடி ஜிமிக்கி

கோவில்பட்டியில் என் எதிர்வீட்டு மருமகள் செல்வி இன்று திருநெல்வேலியில் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு எழுதினாள். துணைக்கு நான் போனேன்.

புது மருமகள் நகையில்லாமல் வாசல் தாண்டக் கூடாது என்பது அவள் மாமியாரின் சட்டம். நகையோடு உள்ளே வரக் கூடாது என்பது தேர்வு மையத்தின் சட்டம்.

கதவை மூடப் போகும் நேரத்தில் ஆரம், வளையல், ஜிமிக்கி எல்லாவற்றையும் கழற்றி என் கையில் திணித்தாள்.

"பெரியம்மா, பத்திரம்" என்று உள்ளே ஓடினாள்.

பையை நம்ப முடியாது. ஆகவே நானே போட்டுக்கொண்டேன். என் கணவர் போனபிறகு ஜிமிக்கி போட்டதில்லை. தலையை ஆட்டிப் பார்த்தேன். நன்றாகவே ஆடியது.

மகனைத் தேர்வுக்கு அழைத்துவந்த நாகலாபுரத்து உறவுக்காரி பார்த்துவிட்டாள்.

"அண்ணாச்சி போனபொறவு இது என்ன கோலம், மதினி?"

"காவல் காக்கேன்."

"பையில வைக்க வேண்டியதுதான?"

"பையைப் பிடுங்கிட்டு ஓடிருவான். என் கழுத்துல கை வைக்க எவனுக்குத் துணிச்சல் இருக்கு?"

அவள் தன் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

செல்வி வாடிய முகத்தோடு வந்தாள். "கணக்கு கஷ்டம், பெரியம்மா. அடுத்த வருஷமும் எழுதணும் போல."

"எழுது தாயி. எத்தனை வருஷமானாலும் நான் வாரேன்."

நகைகளைக் கொடுத்துவிட்டேன், ஜிமிக்கியைக் கடைசியாக.

உங்கள் வீட்டு மருமகள் யாரும் தேர்வு எழுதுகிறாளா? துணைக்கு வருகிறேன். ஒட்டியாணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.